கடன் முடிந்தும் ஆர்.சி.யை விட்டுப் போகாத பைனான்ஸ் பெயர்

கேள்வி: மூன்று மாதம் முன்பு தெரிந்தவர் மூலமாக 2013 மாடல் பைக் ஒன்றை 28 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால், ஆர்.சி.யில் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதைக் காட்டும் குறிப்பு) இருக்கிறது, அதை எடுக்காமல் முடியாது என்கிறார்கள். விற்றவரோ, "டியூ எல்லாம் 2015-லேயே கட்டி முடிச்சாச்சு, என்ஓசி எங்கேயோ தொலைஞ்சு போச்சு" என்கிறார், கம்பெனி கொடுத்த தடையில்லாச் சான்றைத்தான் சொல்கிறார். கம்பெனியின் கிளை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நாலாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஹெச்.பி.யை நீக்குவதற்கு 35-ஆம் எண் படிவம் வேண்டும். அதன் இரண்டு பிரதிகளிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளரும் கடன் கொடுத்த நிறுவனமும் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி எங்கே போனது என்றே உங்களுக்கும் விற்றவருக்கும் தெரியாதபோது, அதன் சீலும் கையெழுத்தும் புரோக்கரிடம் எப்படி வரும்? போலி என்று பின்னால் தெரியவந்தால் மாட்டுவது விற்றவரும் நீங்களும்தான். புரோக்கரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

தவணை கட்டி முடிப்பது ஒரு வேலை, ஆர்.சி.யிலிருந்து பைனான்ஸ் பெயரை எடுப்பது வேறு வேலை. முதல் வேலை முடிந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சில வங்கிகள் இப்போது கடன் முடிந்த தகவலை வாகனப் பதிவு விவரங்கள் உள்ள அரசின் வாகன் தளத்துக்கு நேரடியாகவே அனுப்புகின்றன. 2013-ல் வாங்கிய கடனுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரத்தைக் காட்டினால்தான் ஆர்.டி.ஓ. பதிவு அலுவலகம் அந்தக் குறிப்பை ரத்து செய்யும். அதுவரை, கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றமும் நடக்காது.

உங்கள் கதையில் முக்கியமான ஆள் விற்றவர். கம்பெனியின் வாடிக்கையாளர் அவர்தான், நீங்கள் இல்லை. நீங்கள் நேரில் போய் எவ்வளவு மன்றாடினாலும் அவர்கள் கணக்கு விவரம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அதனால் அவரைக் கூடவே வைத்துக்கொண்டுதான் இதை முடிக்க வேண்டும். பணம் கைக்கு வந்துவிட்டதால் அவருக்கு அவசரம் இருக்காது. அவரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். பெயர் மாறாதவரை, அந்த வண்டியால் விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் அவருக்கும் ஆபத்து. மிரட்டலாக இல்லாமல் நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

அப்புறம் கம்பெனியைக் கண்டுபிடிக்க வேண்டும். கிளை மூடினால் கம்பெனி மூடிவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலும் பெயர் மாறியிருக்கும், அல்லது வேறொன்றோடு இணைந்திருக்கும். தமிழ்நாட்டில் ஏராளமான டூ-வீலர் கடன் கொடுத்த ஸ்ரீராம் சிட்டி யூனியன் 2022-ல் ஸ்ரீராம் ஃபைனான்ஸுக்குள் வந்துவிட்டது. லட்சுமி விலாஸ் வங்கி 2020-ல் டிபிஎஸ் இந்தியாவோடும், அலகாபாத் வங்கி அதே ஆண்டு இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. ஆர்.சி.யில் பழைய பெயர் இருந்தாலும் என்ஓசி கொடுக்க வேண்டியது இன்றைக்கு அந்தக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனம். இணைப்பு நடந்ததற்கான கடித நகல் ஒன்றையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆர்.சி.யில் ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர் என்று கவுண்டரில் திருப்பிவிடுவார்கள்.

கணக்கு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை அறிய ஒரு நல்ல வழி, விற்றவரின் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது அவர் வாங்கிய கடன்களின் பதிவு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் கடன் அதில் இருந்தால் கொடுத்தவர் பெயர், மூடிய தேதி, பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடன் எண் தெரியவில்லையா? அந்தக் காலத்து பாஸ்புக்கை எடுக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் தவணை பிடித்த வரிகளில் கம்பெனியின் சுருக்கப் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். அதை வைத்தே வாடிக்கையாளர் சேவையில் கணக்கைத் தேடலாம்.

இங்கேதான் பல பேருக்கு அதிர்ச்சி வருகிறது. "கட்டி முடிச்சாச்சு" என்று விற்றவர் மனதார நம்பியிருப்பார். ஆனால் என்றைக்கோ செக் திரும்பியதற்கான கட்டணம், தாமதக் கட்டணம் என்று ஏதோ ஒரு தொகை கணக்கில் நின்றுகொண்டிருக்கும். அதே நிறுவனத்தில் அவருக்கு வேறு கடன் இருந்தாலும் இந்த என்ஓசியை நிறுத்தி வைப்பது உண்டு. பாக்கி என்று சொன்னால் உடனே கட்டிவிட வேண்டாம். கணக்கு அறிக்கையை வாங்கி எந்தத் தேதியில் எதற்குப் போட்டது என்று பாருங்கள். தள்ளுபடி கேட்டு எழுத்தில் எழுதுங்கள், பழைய சில்லறைக் கட்டணங்களை விட்டுக்கொடுப்பது உண்டு. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் விற்றவரே கட்டட்டும், நிறுவனத்தின் கணக்குக்கு நேராக. வசூலுக்கு வருகிறவர் கையில் ரொக்கமாக வேண்டவே வேண்டாம்.

என்ஓசியும் 35-ஆம் படிவமும் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும், துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை, வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். என்ஓசியில் அந்த இடத்தில் ஓ என்று டைப் அடித்திருந்தால் அப்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். என்ஓசியில் செல்லுபடிக் காலம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், தாண்டிவிட்டால் புதிதாகக் கேட்டு அலைய நேரிடும்.

விண்ணப்பம் அரசின் பரிவாஹன் இணையதளத்தில். ஹெச்.பி. நீக்கத்தையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே கேட்கலாம். ஓடிபி விற்றவரின் போனுக்குப் போகும், 2013-ல் கொடுத்த நம்பர் இன்றைக்கு அவரிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் முதலில் அதை அப்டேட் செய்ய வேண்டும்.

கம்பெனி பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால்? விற்றவர் பெயரில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், செலவு கிடையாது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஒன்றும் இருக்கிறது. தனிநபர்களுக்குக் கொடுத்த கடன் முழுதாக முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவேடுகளில் உள்ள பொறுப்பையும் நீக்க வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆனால் அது 2023 டிசம்பர் 1 முதல் வரும் விடுவிப்புகளுக்குத்தான். 2015-ல் முடிந்த கடனுக்கு அதைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது.

கேள்வி: என் அப்பா பெயரில் உள்ள பைக்குக்குக் கடன் கொடுத்த உள்ளூர் பைனான்ஸ் கம்பெனி உண்மையிலேயே மூடப்பட்டுவிட்டது. என்ஓசி கேட்கவே ஆள் இல்லை. ஏழு நாள் பதில் வராவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே அர்த்தம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதி சரி. 51-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதி இருக்கிறது. டூப்ளிகேட் ஆர்.சி., வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோவது போன்றவற்றுக்காகக் கேட்கும் தடையில்லாச் சான்றுக்கு அது பொருந்தும். ஹெச்.பி.யை நீக்குவதற்கு அதை நம்ப வேண்டாம்.

முதலில் கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி உரிமத்தை ரத்து செய்திருந்தாலும் கம்பெனி உயிரோடு இருக்கலாம், அப்போது இயக்குநர்கள் கையெழுத்திட முடியும். நீதிமன்ற உத்தரவில் கலைக்கப்படுகிறது என்றால் அதைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் அதிகாரியான லிக்விடேட்டருக்கு எழுதுங்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் பழைய பங்குதாரர்களைத் தேட வேண்டியதுதான்.

யாருமே கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் கடைசி முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு கடிதம் அனுப்புங்கள். திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். தவணை ரசீதுகள், பாஸ்புக் நகல், அப்பாவின் பிரமாண வாக்குமூலம், இந்த உறை ஆகியவற்றோடு பதிவு அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தை அணுக நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

கேள்வி: பழைய ஸ்கூட்டர் ஒன்று பேசி முடித்திருக்கிறேன். ஹெச்.பி. இருக்கிறது, என்ஓசியும் கையில் இருக்கிறது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பணத்தை முழுதாக மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீதி, ஹெச்.பி. நீங்கி உங்கள் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு என்று இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ஓசி உண்மையானதா என்று கடன் எண்ணைச் சொல்லி அவரையே உங்கள் எதிரில் கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், வேறு ஸ்கூட்டர் கிடைக்கும். கடன் பாக்கியுள்ள வண்டியைக் கம்பெனி சீஸ் செய்தால், "தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்பது எடுபடாது, ஆர்.சி.யிலேயே எழுதியிருக்கிறதே.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். பாலிசியிலும் பைனான்ஸ் பெயர் தனியாக இருக்கும். ஆர்.சி.யில் நீக்கியது அங்கே தானாக மாறாது. வண்டி திருடுபோனால் இழப்பீடு முதலில் அந்தப் பெயருக்குத்தான் போகும். புது ஆர்.சி. நகலைக் கொடுத்து பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போதே அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.