‘மூடி’ என்றால் சிடுமூஞ்சியா? ஓர் ஆங்கிலச் சொல், பல கேள்விகள்

கேள்வி: சார், ஆங்கிலத்தில் ஒருவரை ‘மூடி’ (moody) என்று சொன்னால் என்ன அர்த்தம்?

பதில்: இரண்டு அர்த்தம். மனநிலை அடிக்கடி மாறுகிறவர். காலையில் சிரித்துப் பேசுவார், மதியம் முகம் கொடுக்க மாட்டார். இல்லையென்றால், வாட்டமாகவோ கடுகடுவென்றோ இருப்பவர். ‘மூடி பர்சன்’ என்றால் சுபாவமே அப்படி. ‘மூடி டுடே’ என்றால் இன்றைக்கு மட்டும்.

கேள்வி: ‘ஐ ஆம் மூட் அவுட்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அது நம் பேச்சுவழக்கு. தமிழில் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: சல்க்கி, சல்லன், டெம்பரமென்டல் எல்லாம் இதேதானா?

பதில்: இல்லை. நினைத்தது நடக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சல்க்கி. வாய் திறக்காமல் உள்ளே இறுகிப்போன கோபம் சல்லன். மப்பும் மந்தாரமுமான வானத்துக்கும் அதைச் சொல்வார்கள். சட்டென்று பொங்குகிறவர் டெம்பரமென்டல். அடிக்கடி மக்கர் செய்யும் இயந்திரத்துக்கும் அது பொருந்தும்.

கேள்வி: ‘மூட் ஆஃப்’ சரிதானே?

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள். இதுவும் அதே கதைதான்.

கேள்வி: ‘மூட்’, அதாவது மனநிலை, நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் உற்சாகமாக இருப்பவரையும் ‘மூடி’ என்று சொல்லலாமே?

பதில்: தர்க்கம் சரி, வழக்கு அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘மோட்’ என்றால் மனம், துணிவு. அதிலிருந்து வந்த பெயரடைதான் இன்றைய ‘மூடி’; அன்று அதற்குத் துணிச்சலான, கர்வமுள்ள என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘மூட்’ (Mut) என்றால் இன்றும் துணிவுதான். ஆங்கிலத்தில் மட்டும் ‘மூடி’ கோபத்தின் பக்கம் நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாட்டத்துக்கு வந்துவிட்டது. ‘ஷி இஸ் இன் எ மூட்’ என்று மொட்டையாகச் சொன்னாலே கெட்ட மனநிலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி (அதே நண்பர்): புகைப்படத்தையும் இசையையும் ‘மூடி’ என்று பாராட்டுகிறார்களே?

பதில்: அருமையான கேள்வி. அங்கே அது பாராட்டுதான். பார்ப்பவர் மனதில் ஓர் உணர்வை எழுப்புகிறது என்று பொருள். ஆனால் எந்த உணர்வு? மழை மூட்டம், அரையிருட்டு, தனிமை. பளீரென்ற வெயில் படத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கேள்வி (வேறொருவர்): மாறும் மனநிலை என்ற முதல் அர்த்தத்தை நீங்களே கைவிட்டுவிட்டீர்களே!

பதில்: கைவிடவில்லை. மாறுகிறார் என்று சொல்லும்போதும் குறையாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் பரிந்துரைக் கடிதத்தில் இந்தச் சொல்லை எழுதாதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். துடிப்பும் வேகமும் சேர்ந்த மாறுதலைச் சொல்ல வேண்டுமானால் ‘மெர்குரியல்’ இருக்கிறது. அதில் கொஞ்சம் வியப்பும் கலந்திருக்கும்.

கேள்வி: இலக்கணத்தில் வரும் ‘மூட்’?

பதில்: வினைச்சொல் கட்டளையா, விருப்பமா, வெறும் செய்தியா என்று காட்டுவதுதானே? அது வேறு சொல். லத்தீன் ‘மோடுஸ்’ வழியாக வந்தது.

கேள்வி: மனம் மாறிக்கொண்டே இருப்பவரை ‘பைபோலார்’ என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். அது ஒரு நோயின் பெயர். அதன் ஏற்ற இறக்கங்கள் பல நாட்கள், வாரங்கள் நீடித்து ஒருவருடைய வாழ்க்கையையே புரட்டிப்போடும். யாருக்காவது அந்தச் சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், அகராதியிடம் வேண்டாம்.

கேள்வி: மின்னஞ்சலிலாவது ‘மூட் அவுட்’...

பதில்: மின்னஞ்சலிலும் கூடாது.

கேள்வி: ஒருவரைவிட இன்னொருவர் அதிகம் ‘மூடி’ என்று சொல்ல ‘மோர் மூடி’யா, ‘மூடியர்’ஆ?

பதில்: மூடியர்.