விசிறியும் சாமியாடியும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் படம் வெளியாகும் நாளில் பேனரில் ‘தீவிர விசிறிகள்’ என்று போடுகிறார்கள். காற்று வீசும் விசிறிக்கும் நடிகரின் ரசிகருக்கும் என்ன தொடர்பு? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபேன்’ என்பதால் வந்ததா?

– கல்லூரி மாணவர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஆமாம், அப்படித்தான் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அவை இரண்டு தனிச் சொற்கள். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகிவிட்டன, பிறந்த வீடு வேறு.

காற்றுக்கான ஃபேன், லத்தீனின் ‘வன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய ஆங்கிலத்துக்குப் போனது. வன்னுஸ் என்றால் தானியம் தூற்றும் கூடை, நம் ஊர்ச் சுளகு மாதிரி. சுளகு எப்படி விசிறியாகும்? மேலூர்ப் பக்கம் எங்கள் களத்தில் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பொலி தூற்றிக்கொண்டிருக்கும்போதே காற்று நின்றுவிடும். ஒருவர் சுளகில் நெல்லை அள்ளித் தலைக்கு மேல் தூக்கிச் சரிப்பார். பக்கத்தில் இருவர் வெறும் சுளகை இரண்டு கையாலும் பிடித்து மாறி மாறி வீசுவார்கள். நெல் காலடியில் விழும், பதர் தள்ளிப்போய் விழும், சுணை கழுத்தெல்லாம் அப்பிக்கொள்ளும். தூற்றுகிற சுளகே காற்று வீசுகிற சுளகாகவும் ஆவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு ஃபேன், ‘ஃபனாட்டிக்’ என்பதன் சுருக்கம். அதன் வேர் ‘ஃபானும்’, லத்தீனில் கோயில். ‘ஃபனாட்டிகுஸ்’ என்றால் கோயிலைச் சேர்ந்தவன், தெய்வம் இறங்கியவன். ரோமில் பெல்லோனா என்ற போர்த்தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசம் வந்து தங்கள் கையையே கீறிக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர். நம் சாமியாடிதான், வேறென்ன! அப்புறம் அந்தச் சொல் மதவெறியரைக் குறிக்கப் போய், 1880-களில் அமெரிக்காவில் பேஸ்பால் பித்துப் பிடித்தவர்களுக்காகச் சுருங்கி ஃபேன் ஆனது. மின்சாரத்தில் சுற்றும் மேசை விசிறி வந்ததும் அதே நாட்டில், அதே 1880-களில்.

ஆக, ரசிகரை விசிறி என்பது ஒலியை நம்பிச் செய்த மொழிபெயர்ப்பு. பழகிவிட்டது, சரி. இருந்தாலும் நான் எழுத மாட்டேன். ரசிகர் என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. விசிறி என்றால் ‘விசிறு’ என்ற வினை கண்முன் வரவேண்டும், ஒரு கை அசைய வேண்டும். ஆளின் மேல் அதை ஒட்டினால் அந்தக் கை நின்றுவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சீலிங் ஃபேனைக்கூடக் காத்தாடி என்பார்கள். ‘காத்தாடியப் போடுப்பா’ என்று கேட்கும்போதே வேர்வை அடங்கும்.

அடுத்த முறை ஊர்க் கோயில் கும்பிடுக்குப் போனால் கடைசிவரை இருங்கள். உறுமிச் சத்தம் நின்று, சாமி மலையேறியதும், ஆடியவர் வேர்த்து விறுவிறுத்துத் திண்ணையில் சாய்வார். வீட்டுப் பெண்கள் யாராவது ஓடிவந்து பனையோலை விசிறியால் வீசுவார்கள். நீங்கள் கேட்ட இரண்டு ஃபேனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.