‘ஆண்டிஸின் இதயம்’ ஓவியத்தில் இருப்பது எந்த இடம்?

வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அப்படி ஒரே இடம் எங்கும் இல்லை. அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் எட்வின் சர்ச் 1853இலும் 1857இலும் தென் அமெரிக்கா போய் வரைந்துவந்த சிறு படங்களை, நியூயார்க்கில் தன் ஓவியக்கூடத்தில் இணைத்து 1859இல் தீட்டிய காட்சி அது.

ஜெர்மானிய இயற்கை அறிஞர் ஹம்போல்ட்டின் எழுத்தில் ஊறியவர் அவர். வெப்பக்காடு முதல் உறைபனி வரை ஒரே திரையில் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். ஹம்போல்ட் பார்க்கட்டும் என்று படத்தை பெர்லினுக்கு அனுப்ப நினைத்தார். அதற்குள் அவர் இறந்துவிட்டார். எனக்கு இன்றும் மனம் கனக்கும் விஷயம் இது.

தூரத்துப் பனிமலையை மட்டும் எக்வடோரின் சிம்போராசோ மலையின் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்க மரத்தண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள்: சர்ச்சின் பெயரும் ஆண்டும் அதில் செதுக்கியதுபோல் இருக்கும்.

ஆனால் அவருடைய எல்லா ஓவியங்களும் இப்படியல்ல. 1857இல் வரைந்த ‘நயாகரா’ கனடாக் கரையிலிருந்து பார்த்த நிஜ அருவிதான்.