‘இந்த எண்ணை யார் எண்ணினது?’

தம்பி, ரெஸ்யூமைப் பார்த்தேன். வீடியோ கேம் விற்பனை ப்ராஜெக்ட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே இன்டர்வியூவுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

டேட்டா ஃபைல்களைப் பகிரும் காகிள் தளத்தில் கிடைக்கும் அந்த 16,500 சொச்சம் வரிசை ஃபைலோடு என்னிடம் வருகிற பிள்ளைகள் நிறைய. கேள்வி கேட்பவரும் அதைப் பலமுறை பார்த்திருப்பார். உங்கள் சார்ட் அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்கப்போவதில்லை. ‘இந்த எண்ணை யார் எண்ணினது?’ என்பார்.

அது, கேம் விற்பனையைக் கணிக்கும் விஜிசார்ட்ஸ் தளத்திலிருந்து உருவியது. கடைகளிலும் வாங்குபவர்களிடமும் கொஞ்சம் விசாரித்து, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பிய மதிப்பீடு. அதுவும் சுமார் 10,000 பிரதியாவது போனவை மட்டும். ‘எந்த வகை கேம் தோற்காது?’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அதைக்கூட எட்டாமல் தோற்றதெல்லாம் ஃபைலிலேயே இல்லையே!

முதல் வரிசையையே எடுங்கள். நின்டெண்டோ கம்பெனியின் வீ ஸ்போர்ட்ஸ் கேம்: வட அமெரிக்காவில் 4.15 கோடி, ஜப்பானில் 38 லட்சம்கூட இல்லை. உடனே ‘ஜப்பானியருக்கு ஸ்போர்ட்ஸ் கேம் பிடிக்காது’ என்று எழுதிவிட்டீர்கள். அமெரிக்காவில் அது வீ கன்சோல் (கேம் ஆடும் கருவி) பெட்டிக்குள்ளேயே வந்தது. ஜப்பானில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். துணிக்கடையில் சும்மா தருகிற கட்டைப்பையையும் விற்பனைக் கணக்கில் சேர்த்த கதை.

2016-இல் உங்கள் சார்ட்டின் கோடு சரிவதற்கும் சந்தையைக் குறை சொல்லாதீர்கள். ஃபைல் கிட்டத்தட்ட முடிவதே அங்கேதான்.

கம்பெனி சொல்கிற எண் சுத்தமா என்றால், பெரும்பாலும் அது கடைக்கு அனுப்பிய கணக்கு. 1982-இல் அடாரி கம்பெனியின் ஈ.டி. கேம் கடைகளுக்குப் போய், விற்காமல் குவியலாகத் திரும்பி வந்தது. நியூ மெக்சிகோவில் புதைத்ததை 2014-இல் தோண்டி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமின் நிலவரம் வேறு. பயனர்களின் ப்ரொஃபைலைப் பார்த்து ஸ்டீம்ஸ்பை என்ற தளம் விற்பனையைக் கணித்துவந்தது. 2018 ஏப்ரலில் யாரிடம் என்ன கேம் இருக்கிறது என்பதை ஸ்டீம் மறைத்துவிட, கணிப்பு தளர்ந்தது. ரிவ்யூ எண்ணிக்கையை 30-ஆலோ 50-ஆலோ பெருக்கி விற்பனையைக் கணிப்பவர்களும் உண்டு. எதால் பெருக்குவது என்பதில்தான் சண்டையே.

இரண்டு நாள் வேலை தருகிறேன். நின்டெண்டோ தன் முதலீட்டாளர் பக்கத்தில் ஒவ்வொரு கன்சோலுக்கும் முதல் 10 கேம்களின் எண்ணைப் போடுகிறது. அதை உங்கள் ஃபைலோடு ஒப்பிடுங்கள். வீ ஸ்போர்ட்ஸுக்கு அவர்கள் கணக்கு 8.29 கோடி, உங்களுடையது 8.27. மற்றவை எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். கூடவே ஃபைலில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு எண்ணும் அனுப்பியதா, விற்றதா, மதிப்பீடா என்று குறியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பினால் போதும். அந்த ஜப்பான் வரியை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.