பிரிக்கப்படாத பத்தொன்பது உறைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்டு முடிவதால் கணக்குப் பார்த்தேன். இந்த ஒரு வருடத்தில் 86 ஆல்பங்கள் வாங்கியிருக்கிறேன்; பெரும்பாலானவை எல்.பி. எனப்படும், ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டுகள், மீதி குறுந்தகடுகள். அவற்றில் முழுமையாகக் கேட்டவை 31. 19 தட்டுகளின் மேலுறையைக்கூட நான் பிரிக்கவில்லை. உட்கார்ந்து கேட்க நேரமே அமைவதில்லை. ஆனால் இந்த ஆண்டில் நான் 41,000 நிமிடங்கள் இசை கேட்டதாகக் கைப்பேசிச் செயலி சொல்கிறது. வாங்குவதை நிறுத்திவிட்டுச் செயலியோடு இருந்துவிடலாமா? எல்.பி.யின் ஒலி குறுந்தகட்டைவிட உண்மையிலேயே மேலானதா? ஆண்டின் சிறந்த பத்து ஆல்பங்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வி.

அன்புள்ள வி.,

ஆண்டிறுதிக் கணக்குகளுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் ஒரே இசையைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பிரிக்கப்படாத பத்தொன்பது உறைகளைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை உறுத்தியது.

முதலில் சிறிய விஷயங்களை முடித்துவிடுகிறேன். பட்டியலைப் பார்த்தேன். ஒருமுறை மட்டும் கேட்டவற்றை எவராலும் தரவரிசைப்படுத்த முடியாது என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒலித்தரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். குறுந்தகடு ஒரு விநாடி ஒலியை 44,100 மாதிரிகளாக எடுத்துப் பதிகிறது. மனிதச் செவிக்கு எட்டும் எல்லை முழுவதற்கும் அது போதும். எல்.பி. ஒரே வேகத்தில் சுழன்றாலும், விளிம்பில் ஒரு விநாடிக்குள் ஊசியைக் கடக்கும் தடத்தின் நீளம் மையத்தருகே கடப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒலியின் நுட்பம் சற்றுக் குறைந்தே வரும். அப்படியிருந்தும் எல்.பி.யை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் விரும்புகிறேன். இதற்கு மேல் பேச இதில் ஒன்றுமில்லை.

நேரமில்லை என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் ஆல்பத்திற்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 86 ஆல்பங்களும் சேர்ந்து 3,870 நிமிடங்கள். செயலி காட்டும் 41,000 நிமிடங்களில் அவை எல்லாவற்றையும் பத்துமுறை கேட்டு முடித்திருக்கலாம், அதற்குப் பிறகும் மிச்சம் இருந்திருக்கும். நேரம் உங்களிடம் இருந்திருக்கிறது, வி. வேறு வேலை செய்யும்போது பின்னால் ஒலிக்கவும், பிடிக்கவில்லையென்றால் தாண்டிப் போகவும் அதைக் கொடுத்துவிட்டீர்கள். ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினாலே அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தக் கணக்கையே நீங்களும் உங்கள் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓவியத்தின் முன் நிற்கும்போது அதன் இடமும் வலமும் ஒரே நேரத்தில் கண்ணில் இருக்கின்றன. இசையிலோ எந்தக் கணத்திலும் நம் முன் இருப்பது அந்தக் கணத்தின் ஒலி மட்டுமே. முன்னர் வந்தது நினைவில் இருந்தால்தான் அது எங்கிருந்து எழுகிறது என்று புரியும். இனி வரப்போவது தெரிந்திருந்தால்தான் அது எதை நோக்கிப் போகிறது என்று புரியும். முதல்முறை கேட்பவரிடம் இந்த இரண்டாவது அறிவு இல்லை. ஆகவே முதல்முறை கேட்பதை நான் கேட்டல் என்றே சொல்வதில்லை, அது அறிமுகம். உங்களுடைய 31 அறிமுகங்களைத்தான் ‘முழுமையாகக் கேட்டவை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

1877இல் எடிசன், ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் ஃபோனோகிராஃபை உருவாக்கும்வரை, ஒரு கலைஞரின் ஒரே வாசிப்பை இரண்டாம் முறை கேட்டவர் உலகில் ஒருவர்கூட இல்லை. அரசர்களுக்கும் கிடைக்காத அந்த வாய்ப்பு இன்று நம் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் முறை கேட்பதற்காகவே மனிதர் கண்டுபிடித்த ஒன்றை நீங்கள் 86 முறை வாங்கி, ஏறக்குறைய எதையும் இரண்டாம் முறை கேட்காமல் வைத்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். உங்கள்மேல் அக்கறை இல்லையென்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

செல்லோ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியை வாசித்த பாப்லோ காசல்ஸ், பதின்மூன்று வயதில் பார்சிலோனாவின் ஒரு பழைய கடையில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் அந்தக் கருவிக்காக எழுதிய ஆறு தொகுதிகளின் இசைக்குறிப்பைக் கண்டெடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பிறகே அவற்றில் ஒன்றைப் பொது அரங்கில் வாசிக்கத் துணிந்தார். அவற்றை இசைத்தட்டில் பதிந்து முடிக்கும்போது ஆண்டு 1939. அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். அவர் அத்தனை ஆண்டுகள் வைத்திருந்து நமக்குத் தந்ததை ஒரே மாலையில் பெற்றுக்கொள்ள முடியும் என்று நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு. நோயுற்று எட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டரும் நான்கு கேசட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று தனிப் புல்லாங்குழல், பக்கத்திற்கு 30 நிமிடம். அதைத்தான் தினமும் மாலையில் போடச் சொல்வாள். பக்கம் முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் போடுவது என் வேலை. வேறு கேசட் வாங்கலாம் என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தேன், அவள் இசையவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒருநாள், “அவர் மூச்சு எடுக்கிறது கேட்குது பாரு, இந்த இடத்துல மட்டும் அவசரமா எடுக்கிறார்” என்றாள். அதுவரை என் காதில் விழாத அந்த மூச்சு, அவள் சொன்ன பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டது. அதற்கும் பல வாரங்கள் கழித்து, “தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை மெல்லமா வருதுடா” என்றாள். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது, காய்ச்சல் வேறு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிப்பதிவைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. காந்த நாடா சுருளாகச் சுற்றியிருக்கும்போது ஒரு சுற்றில் பதிந்த ஒலி, அதை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் மிக மெல்லிய சாயலாகப் படிகிறது. நாடா மெலிதாக இருந்தால், நெடுநாள் சுற்றியபடியே கிடந்தால், அது இன்னும் கூடும். அதனால் முழு மௌனத்திற்குப் பின் இசை தொடங்கும் இடத்தில், ஓரிரு விநாடி முன்னதாகவே அதன் நிழல் கேட்கக்கூடும். அக்கா சொன்னது உண்மை. அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். “ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டுக்கு முன்னாடி. எனக்குத் தெரியும்டா” என்றாள்.

அவள் கேட்டது நாடாவின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மௌனத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருந்த ஒரு செவிக்கு மட்டுமே அந்தக் குறை அகப்பட்டது. அதே அறையில் அதே கேசட்டை அத்தனை மாதமும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது அகப்படவில்லை.

வாங்குவதை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் கைப்பணத்தைப் பொறுத்தது; நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்தொன்பதில் ஒன்றை மட்டும் பிரியுங்கள். எது என்று தேர்ந்தெடுக்க மெனக்கெட வேண்டாம், கைக்கு வருவதை எடுங்கள். ஜனவரி முழுவதும் தினமும் ஒரு பக்கம், வேறு வேலை எதுவும் செய்யாமல், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். பத்தாம் நாளில் சலிப்பு வரும், அப்போதும் நிறுத்தாதீர்கள். பிப்ரவரியில் எனக்கு எழுதுங்கள். ஆல்பத்தின் பெயரைக்கூட எழுத வேண்டாம், முதல்முறை கேட்காத எது எந்த இடத்தில் கேட்டது என்பதை மட்டும் எழுதினால் போதும்.