பற்றுச்சீட்டு இருக்கிறது, பங்கு எங்கே?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிளாஸ்டிக் கழிவிலிருந்து எண்ணெய் எடுக்கும் கம்பனி ஒன்று அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலாகப் போவதாகவும், அதற்கு முன்பே பங்கு வாங்கினால் காசு மூன்று மடங்காகும் என்றும் ஊர்த் தம்பி ஒருவர் சொன்னார். பணிக்கொடையில் 5 லட்சம் கொடுத்துவிட்டேன். எங்கள் வட்ஸ்அப் குழுவில் 80 பேர் வரை இருக்கிறோம். இப்போது இன்னும் 10 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டீச்சர், அந்த 10 லட்சம் வங்கியிலேயே கிடக்கட்டும்.

காசுக்குத் தந்ததாக நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டைப் பார்த்தேன். மேலே ஒரு பிறைவேட் லிமிட்டெட், அதாவது தனியார் கம்பனியின் பெயர், நடுவில் ‘முதலீட்டுக்காகப் பெற்றது’, கீழே றப்பர் முத்திரையும் ஒரு கிறுக்கலும். எத்தனை பங்கு, எந்தக் கம்பனியின் பங்கு என்று ஒரு சொல் இல்லை. காசு வாங்கியதற்குத்தான் இது சாட்சி. பங்குதாரர் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நீங்கள் பங்குதாரர்.

தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் வாங்குவது இங்கே இலங்கையிலுள்ள கம்பனியின் பங்கா, அவுஸ்திரேலியாவில் பட்டியலாகும் கம்பனியின் பங்கா என்பதை. இரண்டும் ஒன்றல்ல.

இங்குள்ளது என்றால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. ஊழியர்களைத் தவிர்த்துப் பங்குதாரர்கள் 50 பேரைத் தாண்டவும் கூடாது. 80 பேரைச் சேர்த்த குழுவை வைத்துக்கொண்டு அவர் இதை எப்படிச் சமாளிப்பாரோ! பங்கு வழங்கினால் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கோப்பை யாரும் பார்க்கலாம். பெயரைத் தந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியக் கம்பனி என்றால் அதற்கு ஒன்பது இலக்கப் பதிவு எண் இருக்கும். அதை அங்குள்ள கம்பனிப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். காசு போகும் வழிதான் பெரிய சிக்கல். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டில் முதலிடுவதற்கான கணக்கு) ஒன்றைத் திறந்து, அவ்வப்போது உள்ள வரம்புக்குள்தான் அனுப்ப வேண்டும். ‘மெல்பேர்னில் என் மச்சான் போட்டுவிடுவார், நீங்கள் இங்கே கையில் தாருங்கள்’ என்றால் அது உண்டியல், வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றாகக் காசு அனுப்பும் வழி. அப்புறம் காசுக்கும் கணக்கிராது, உங்களுக்கும் விசாரணை வரலாம்.

பட்டியலானாலும் உடனே விற்க முடியும் என்று நினைக்காதீர்கள். முன்கூட்டி வாங்கியவர்களின் பங்குகளை 12 அல்லது 24 மாதம் முடக்கி வைக்கும் விதி அந்தச் சந்தையில் உண்டு. மூன்று மடங்கு என்றவர் இதைச் சொன்னாரா?

கொடுத்த 5 லட்சத்துக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்புவோம். பங்குச் சான்றிதழைத் தா, இல்லையேல் காசைத் திருப்பு என்று. எழுத்திலான ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட 6 ஆண்டு, வாய்ப்பேச்சு மட்டும் என்றால் 3 ஆண்டு. பொலிசுக்குப் போவதாக இருந்தால், தொடக்கத்திலேயே பொய் சொல்லிக் காசு வாங்கினார் என்று காட்ட வேண்டும். வட்ஸ்அப் குரல் பதிவுகள் அதற்கு உதவும். குழுவிலிருந்து விலகாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், பற்றுச்சீட்டின் மூலப் பிரதியை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.