கேட்டது தவறில்லை, கேட்ட நேரம்தான்

கேள்வி: என் சித்தப்பா போரில் இறந்தவர். அவருடைய நினைவு நாளில் உறவினர்கள் கூடியிருந்தபோது, “அந்தப் போர் எதற்காக நடந்தது? யாருக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்டுவிட்டேன். முன்னாள் ராணுவ வீரரான என் பெரியப்பா சட்டென்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ‘செத்தவனைக் கொச்சைப்படுத்திவிட்டாய்’ என்கிறார் அப்பா. நான் கேட்டது தவறா?
– ஒரு வாசகி

பதில்: கேட்டதில் தவறில்லை. கேட்ட நேரம்தான் சரியில்லை. தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ‘எதற்காக’ என்று கேட்டால், ‘வீணாகத்தானே போனான்’ என்றுதான் அவர் காதில் விழும். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். கேள்விக்காகக் கேட்க வேண்டாம்.

நீங்கள் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்கவில்லையே! போருக்கு முடிவெடுப்பவர்கள் வேறு, போய்ச் சாகிறவர்கள் வேறு. வியட்நாமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஆகஸ்ட் 4 அன்று டோங்கின் வளைகுடாவில் வட வியட்நாம் தங்கள் கப்பல்களை இரண்டாம் முறையாகத் தாக்கியதாக அமெரிக்க அரசு சொன்னது. மூன்றே நாளில், படையை இறக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது அந்நாட்டு நாடாளுமன்றம். கீழவையில் எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. மேலவையில் இரண்டே பேர். அன்றிரவு அப்படியொரு தாக்குதலே நடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

வாஷிங்டனில் உள்ள கருங்கல் சுவரில் அந்தப் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயரின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டு போகிறார்கள் உறவினர்கள். கல் அவ்வளவு வழவழப்பு, தேய்ப்பவரின் முகமே அதில் தெரியும். அங்கே நின்று, ‘நடக்காத தாக்குதலைச் சொல்லி இவனை ஏன் அனுப்பினீர்கள்?’ என்று ஒரு தாய் கேட்டால், அது மகனுக்கு அவமரியாதையா? (அதே போரில் இறந்த லட்சக்கணக்கான வியட்நாமியருக்கு அந்தச் சுவரில் இடமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

வீரர்களே கேட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் வாங்கிய பிரிட்டிஷ் அதிகாரி சீக்ஃப்ரிட் சசூன், தற்காப்புக்கென்று தொடங்கிய போர் நாடுபிடிக்கும் போராகிவிட்டது என்று 1917இல் பகிரங்கமாக அறிக்கை விட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல், மனநிலை சரியில்லை என்று மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கோழை என்று அவரைச் சொல்ல முடியாது. மறுபடியும் தன் ஆட்களோடு போர்முனைக்கே போனவர் அவர்.

எல்லாப் போரும் பொய்யில் தொடங்கியது என்று நான் சொல்லவில்லை. வாசலில் எதிரி வந்து நின்றால் எதிர்க்காமல் என்ன செய்வது? கேட்டுப் பார்த்தால்தான் உங்கள் சித்தப்பா போன போர் எந்த வகை என்று தெரியும்.

செலவுக் கணக்கும் அப்படித்தான். துப்பாக்கி ஓய்ந்தால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். முதல் உலகப் போருக்கு வாங்கிய கடன் பத்திரங்களை பிரிட்டன் அடைத்து முடித்தது 2015இல். 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு, 2020 வரை போய்க்கொண்டிருந்தது. மாதம் 73 டாலர் 13 சென்ட். உங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இன்னும் ஓடுகிறது. பெரியப்பா எழுந்து போனது அதில் ஒரு வரி.

இப்போது செய்ய வேண்டியது: விசேஷம் எதுவுமில்லாத ஒரு நாளில், தனியாக அவரைப் போய்ப் பாருங்கள். அப்பாவைத் தூது அனுப்பாதீர்கள். “அன்னைக்கு நான் அங்க வெச்சு கேட்டிருக்கக் கூடாது பெரியப்பா” என்று ஆரம்பியுங்கள். போரைப் பற்றி எடுக்காதீர்கள். சித்தப்பா சின்ன வயதில் எப்படி, கடைசியாக விடுப்பில் வந்தபோது என்ன பேசினார் என்று கேளுங்கள். உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே, பல வருடமாக, அவர் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது என் ஊகம். அவராகச் சொன்னால் சொல்லட்டும், துருவ வேண்டாம்.

சித்தப்பா எழுதிய கடிதம் ஏதாவது வைத்திருந்து, எடுத்துக் கொடுத்தால், அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.